இயற்கையாகச் செத்த பேனா

"இன்னும் உயிர் இருக்கு."

"எங்கக்கா இருக்கு? நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். இதோ, முனைக்கு மேல. கடுகளவு."

"அது மை இல்லக்கா, அழுக்கு."

"அழுக்கு எங்கயாவது நீலமா இருக்குமா? எழுதிக் காட்டு."

பழைய செய்தித்தாளின் ஓரத்தில் சின்னு ஒரு கோடு இழுத்தாள். மேஜையில் இருந்தவரை இரண்டு சொல்லுக்கு ஒரு முறை திக்கித் திணறிக்கொண்டிருந்த பேனா, இங்கே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு எழுதியது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தைகள் உண்டல்லவா, அந்த ஜாதி.

"பார்த்தியா? தங்கமா எழுதுது. போ, தீர்ந்ததும் வா" என்று சொல்லி, ஸ்டோர் அக்கா இரும்பு அலமாரியின் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

நகரத்து லிப்ட்டுகளைப் பராமரிப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. எங்கேயாவது ஒரு லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். இங்கே ஜன்னலோர மேஜையில் தொலைபேசி அடிக்கும். எடுப்பவள் சின்னு. எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை பேர் என்று கேட்டுப் பேடில் குறித்துக்கொண்டு மெக்கானிக்கை அனுப்பிவைப்பாள். சின்னு என்பது வீட்டில் இளையவள் என்பதால் வந்த செல்லப்பெயர். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு அம்மா அலுவலக வாசலில் நின்று "சின்னூ" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டதிலிருந்து இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

ஸ்டோர் அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. புதுப் பேனா வேண்டுமா, பழைய பேனா தீர்ந்திருக்க வேண்டும். புது பேடு வேண்டுமா, பழையதில் இரண்டு பக்கமும் நிரம்பியிருக்க வேண்டும். அதிலும் பேனா தானாகத் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு முறை கணக்குப் பிரிவு ஆசாமி ஒருவர் பேனாவை வேண்டுமென்றே தலைகீழாகத் தரையில் போட்டுவிட்டு, ஒன்றுமறியாத முகத்தோடு வந்து நின்றார். அக்கா அதை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கொலை" என்றார். அந்த மனிதர் மூன்று மாதம் பென்சிலில் எழுதினார்.

சின்னுவுக்கும் அந்தச் சட்டத்துக்கும் இதுவரை தகராறு ஏதும் இருந்ததில்லை. போன திங்கட்கிழமை காலையில் புதுச் சரக்கு வந்து இறங்கியபோது அவள் அந்தப் பக்கமாகத் தண்ணீர் பிடிக்கப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அக்கா அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக வரும் வெளிறிய பேனா இல்லை இது. பாசிப்பச்சை உடம்பு, தலையில் கறுப்பு மூடி. கூடவே பேடுகள். சந்தன நிறத் தாள், வானத்தின் ஓரம் மாதிரி மங்கலான நீலக் கோடுகள், இடதுபக்கம் ஒற்றைச் சிவப்புக் கோடு. பெட்டி திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! தாளும் பசையும் ஏதோ ஒரு மழைநாளும் கலந்த வாசனை. சின்னுவின் கையிலிருந்த செம்பு நிரம்பி வழிந்து, அவள் செருப்பை நனைத்து, அக்காவின் நாற்காலிக்கால்வரை போன பிறகுதான் "ஏ பொண்ணே!" என்ற சத்தம் அவள் காதில் விழுந்தது.

அந்த வாசனை அவளை நேராக மூன்றாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் அது அவளுடைய வாசனை இல்லை என்பதுதான் விஷயம். அது பக்கத்துப் பெஞ்சின் வாசனை. சின்னுவுக்கு எப்போதும் அண்ணனின் போன வருடத்து நோட்டுகள்தான். அண்ணன் எழுதிய பக்கங்களை அம்மா கிழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து, புது அட்டை போட்டுக் கொடுப்பாள். பார்க்கப் புதுசு மாதிரியேதான் இருக்கும். ஆனால் அண்ணன் எழுதுவது எழுத்தில்லை, உழவு. அவன் ஒரு பக்கத்தில் அழுத்தினால் அடுத்த நான்கு பக்கம் பள்ளம் விழும். சின்னு எங்கள் பசு என்று எழுதினால், அவள் பென்சில் தானாக வழுக்கிப்போய் அண்ணனின் வகுத்தல் கணக்குப் பள்ளத்தில் விழும். அவளுடைய பசுக்களுக்கெல்லாம் மீதி வரும். பள்ளிக்கூடம் முடிகிறவரை ஒரு நோட்டின் உண்மையான முதல் பக்கத்தில் அவள் எழுதியதே இல்லை.

"அதுக்கென்ன இப்போ? கடைல போய் ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சுது" என்றார் மெக்கானிக். மதியம், அவள் பக்கத்து மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்து கிரீஸ் படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கியிருக்கேண்ணே. வீட்ல ஒரு டிராயர் முழுக்க இருக்கு."

"அப்புறம்?"

"எதுலயும் எழுதினதில்ல."

"ஏன், பேப்பர் கடிக்குமா?"

"என்ன எழுதுறது? முதல் பக்கத்துல எழுதற மாதிரி எங்கிட்ட என்ன இருக்கு? ஒரு நாள் பேனாவை எடுத்துட்டு உட்கார்ந்தேன். பால், சோப்புன்னு ஆரம்பிச்சேன். மனசு கேக்கல, மூடி வெச்சுட்டேன்."

மெக்கானிக் துணியை மடித்தார். "அதே பேப்பர், அதே பேனா. ஆபிஸ்ல குடுத்தா மட்டும் என்ன வந்திச்சு?"

"நாமளே வாங்கினா அது சாமான்ணே. இன்னொருத்தர் கையால இந்தா, இது உனக்குன்னு குடுத்தாத்தான் புதுசு. அதோட, இதுல எழுத வேலை இருக்கு."

"சின்னு, உனக்கு மரை கழண்டிருக்கு. நான் முறுக்கற மரை இல்ல, வேற மரை" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். போகிறபோக்கில் ஒரு யோசனையும் சொன்னார்: "நிறைய எழுது. தானாத் தீரும்."

அது அவள் மண்டையில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது.

அன்று மாலை முதலில் மாட்டியவர் கையில் கண்ணாடித் தொட்டியும் மீனுமாக இருந்தார். கட்டடம், மாடி எல்லாம் கேட்டு மெக்கானிக்கை அனுப்பியாகிவிட்டது. முன்பெல்லாம் "ஆள் வந்துட்டே இருக்காங்க சார்" என்று வைத்துவிடுவாள். இன்று வைக்கவில்லை.

"கையில என்ன சார் வெச்சிருக்கீங்க?"

"மீன் தொட்டிம்மா."

"எத்தனை மீன்?"

"ஒண்ணு."

"என்ன கலர்?"

"ஆரஞ்சு. ஏம்மா, அது தெரிஞ்சாத்தான் லிப்ட் நகருமா?"

"முழு விவரமும் எழுதணும் சார். மீனுக்குப் பேர் என்ன?"

அந்தப் பக்கம் தொட்டித் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. பிறகு, "வைக்கல" என்றார்.

"ஏன் சார்?"

"போன மீனுக்கு வெச்சேம்மா. பேர் வெச்ச மறுவாரமே போயிடுச்சு. அதோட அந்த ஆசையே விட்டுப்போச்சு."

சின்னு எழுதினாள். மீன், நிறம், போன மீன், அதன் பெயர், அது ஜன்னல் பக்கமாகவே நீந்தும் வழக்கம், அவர் மனைவிக்கு மீன் பிடிக்காதது, ஆனாலும் அது செத்த அன்று அந்த அம்மாதான் அதிகம் அழுதது. ஒரு பக்கம் முழுக்க நிரம்பியது. மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தபோது அந்த மனிதர் உள்ளேயிருந்து விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம் இருப்பா, பேசிட்டிருக்கேன்ல" என்றாராம்.

அதன்பிறகு அவள் நிற்கவில்லை. ஜன்னல் திரை என்ன நிறத்தில் வாங்குவது என்று சண்டை போட்டுக்கொண்டே லிப்ட்டில் ஏறி, சண்டையோடு மாட்டிக்கொண்ட ஒரு கணவன் மனைவி. சின்னு பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, கணவன் கட்சி இடதுபக்கம், மனைவி கட்சி வலதுபக்கம் என்று எழுதிக்கொண்டே வந்தாள். கடைசியில் "நீங்க சொன்னதை ஒரு தடவ படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டுப் படித்தபோது இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். இருட்டென்றால் பயப்படும் ஒரு வக்கீல், பயத்தை மறக்க வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தார். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கியபோது சின்னு எடுத்துக்கொடுத்தாள். எல்லாவற்றையும் எழுதினாள். வக்கீல் வெளியே வந்ததும் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்தொன்பது பாதில நிக்குதுப்பா" என்று வருத்தப்பட்டாராம்.

"நான் என்ன, ஆளைக் காப்பாத்தப் போறேனா, கச்சேரியக் கலைக்கப் போறேனா?" என்று மெக்கானிக் அவளிடம் சண்டைக்கு வந்தார். "கதவைத் திறந்தா எல்லாரும் என்னை வில்லனப் பாக்கற மாதிரி பாக்குறாங்க!"

இதற்குள் மேனேஜரின் அறைத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்தத் தொலைபேசியில் திட்டு மட்டுமே கேட்டுப் பழகியவர் அவர். மணி அடித்தாலே தோளைக் குறுக்கிக்கொண்டு எடுப்பார். இப்போது அதே தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். முதல் நாள் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மறுபடி மறுபடி வரவே, சின்னுவின் பேடை வாங்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மீன்காரர் போன் பண்ணினார்மா. அந்த மீனுக்கு உன் பேரையே வெச்சிருக்காராம்."

சின்னு திருதிருவென்று விழித்தாள்.

"இந்த வேலைல இருக்கறவங்க பூட்டைப் பார்ப்பாங்க, கயிறைப் பார்ப்பாங்க. நீ மட்டுந்தாம்மா உள்ள இருக்கற மனுஷனப் பார்த்திருக்க. உன்னை இங்க வெச்சு வீணடிக்கக் கூடாது. ஆறாவது மாடில புதுசா கால் சென்டர் வருதில்ல? எல்லாக் கிளையோட போனும் இனிமே அங்கதான். அதுக்கு நீதான் தலைமை. மேலிடத்துல பேசிட்டேன்."

தலைமை என்ற சொல் கேட்டுச் சின்னு சிரிக்க ஆரம்பித்தாள். பாதிச் சிரிப்புதான் வந்திருக்கும்.

"எல்லாம் கண்ணாடி மேஜை. காதுல ஹெட்போன், முன்னால ஸ்கிரீன். பேப்பரே கிடையாதும்மா! ஒரு துண்டு காகிதம், ஒரு பேனா உள்ள போகாது. அவ்வளவு சுத்தம்!" என்று அவர் பலகாரத் தட்டை நீட்டுவதுபோல் கையை விரித்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவைச் சொல்லிடு."

வீட்டில் அம்மாவுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறதென்றே புரியவில்லை. "ஆறாவது மாடின்னா நல்லாக் காத்து வரும்டி" என்றாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு சிரித்தான்.

"பேனாவுக்காகப் பதவி உயர்வ விடப்போறியா? கண்ண வித்துச் சித்திரம் வாங்கினா கைகொட்டிச் சிரிப்பாங்கன்னு சும்மாவா சொன்னாங்க?"

"உனக்கென்னடா? எல்லாத்துலயும் முதல் பக்கம் உனக்குத்தான கிடைச்சுது."

அவள் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். அண்ணனோ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான். சற்றுக் கழித்து, "முதல் பக்கம் அப்படி ஒண்ணும் நல்லா இருக்காதுடி" என்றான், தட்டைப் பார்த்தபடியே. "முத்து முத்தா எழுதணும்னு உட்காருவேன். ரெண்டாவது வரியிலயே அடிச்சுத் திருத்த வேண்டி வந்துடும். அந்தக் கோவத்துலதான் மத்ததெல்லாம் அழுத்தி அழுத்தி எழுதினது."

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் லூசு" என்று தீர்ப்புச் சொல்லி எழுந்து போனாள்.

படுக்கையில் புரண்டபோது சின்னுவை உறுத்தியது பேனா மட்டுமில்லை. எல்லாக் கிளையின் லிப்ட்டுகளும் என்றால் எத்தனை மனிதர்கள்! எத்தனை மீன்கள்! மை தீர்வதற்காகத்தான் கேட்க ஆரம்பித்தாள். ஆனால் வக்கீல் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டில் நின்றுபோனபோது அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. மேலே போக அவளுக்கு ஆசை. கீழேயே இருக்கவும் ஆசை. இரண்டுக்கும் நடுவில் அவளே மாட்டிக்கொண்டு நின்றாள். அழுத்தச் சிவப்புப் பொத்தான்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு தையற்காரர் மாட்டினார். கையில் கல்யாணக் கோட்டு. மடங்கினால் போச்சு என்று கோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தார். சின்னு பொத்தான்களின் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஒரு முறை இருமியது. எழுத்து வெளிறியது. பிறகு தாளில் வெறும் கீறல்தான் விழுந்தது.

"செத்துப் போச்சு!" என்று கூவிவிட்டாள்.

"ஐயையோ! யாரும்மா?"

"யாருமில்ல சார், பேனா."

"என் உயிரே போயிட்டு வந்துதும்மா! நான் லிப்ட் கயிறோன்னு நினைச்சேன்."

ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனாலும் கோட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் மனிதரை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மெக்கானிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை, எழுதாமலே, மாப்பிள்ளைக்குத் தோள் ஒருபக்கம் இறக்கம் என்கிற ரகசியத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஓடினாள்.

ஸ்டோர் அக்கா பேனாவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உதறினார். செய்தித்தாளில் எழுதிப் பார்த்தார். உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி மறுபடி எழுதிப் பார்த்தார். கடைசியில் தலையை அசைத்தார்.

"இயற்கை மரணம்."

சின்னு கண்ணை மூடித் திறந்தாள்.

"பேடைக் காட்டு." அக்கா ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். "இதுல பாதி காலியா இருக்கே."

"எழுதிட்டிருக்கும்போதுதான்க்கா பேனா தீர்ந்துது."

"சட்டம்னா சட்டம். நிரப்பிட்டு வா."

"பேனா இல்லாம எப்படிக்கா நிரப்புறது?"

"புதுப் பேனால நிரப்பு."

"அப்ப பேனாவை மட்டுமாவது குடுங்க."

"இந்தப் புதுச் சரக்கு ஜோடி. ரெண்டையும் ஒண்ணாத்தான் குடுக்கணும்."

இருவரும் அந்தப் பாதிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை காலத்தில் இப்படியொரு வழக்கு அந்தக் கவுண்டருக்கு வந்ததில்லை. அக்கா பெருமூச்சு விட்டார். இடமும் வலமும் பார்த்தார். தன் கைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து, காலியாக இருந்த பாதியில் மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"நிரம்பிடுச்சு" என்றார். "யார்கிட்டயும் சொல்லாத."

இரும்பு அலமாரி திறந்தது. அக்கா பேடின் மேல்தாளைப் புறங்கையால் ஒரு முறை தடவி, பச்சைப் பேனாவை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து நீட்டினார்.

"இந்தா. இது உனக்கு."

சின்னு வாங்கிக்கொண்டு ஓடவில்லை; நடந்தாள், தளும்பத் தளும்ப நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள்போல. மேஜையைத் துடைத்தாள். பேடை நேராக வைத்தாள், கொஞ்சம் சாய்த்தாள், மறுபடி நேராக்கினாள். முகர்ந்து பார்த்தாள். மூடியைத் திறந்தபோது டக்கென்று ஒரு சத்தம். மூடினால் இன்னும் நல்ல சத்தம். திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டேயிருந்தாள். விரல்நுனியால் முதல் பக்கத்தை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது. யாரும் உழாத நிலம். இந்த நகரத்தில் இனி ஒரு மணி நேரத்துக்கு எந்த லிப்ட்டும் நின்றுவிடக் கூடாதே என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

எதிரே நிழல் விழுந்தது. மேனேஜர்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டியா? மேலிடத்துல ஆள் போன்ல காத்திருக்கார். ஆமாவா, இல்லையா?"

"சார், முதல்ல ஒண்ணு சொல்லணும். நான் அவங்கமேல இருந்த அக்கறையில பேசல. இந்தப் பழைய மை தீரணும்னுதான் பேச்சுக் குடுத்தேன்."

அவர் சிரித்தார். "அடக்கம்! இதத்தான் நான் மேலிடத்துல சொன்னேன்."

"அடக்கம் இல்ல சார். சத்தியமா மை."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பேடைப் பார்த்தார். மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அவள் கட்டைவிரலைப் பார்த்தார். "சரி, மையாவே இருக்கட்டும்" என்றார் மெதுவாக. "ஆரம்பத்துல மை. இன்னிக்கு அந்தத் தையற்காரர் போன் பண்ணினார். பேனா தீர்ந்தப்புறமும் கால்மணி நேரம் அவர்கூடப் பேசியிருக்கியாமே. அது எதுக்கு?"

சின்னு பேனா மூடியை டக்கென்று மூடினாள். காது சுட்டது.

"நீ வரலேன்னா அந்த நாற்காலிக்கு வேற யாரையாவது போடுவாங்க. எந்த மாடி, எத்தனை பேர்னு கேட்டுட்டு வெச்சுடுவாங்க. நான் உன்னக் கட்டாயப்படுத்தலம்மா. ஆனா இப்பச் சொல்லியாகணும்."

அவருடைய அறையிலிருந்து யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுவது இங்குவரை கேட்டது. சின்னு எழுந்து நின்றாள். பச்சைப் பேனாவை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"வர்றேன் சார். கண்டிப்பா வர்றேன். ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க... இந்தப் பேனா தானாத் தீர்ற வரைக்கும் மட்டும் நான் இங்கயே இருந்துட்டு வரட்டுமா?"